யாருடைய ஒலி? யமஹா டிஎக்ஸ்7இன் கதை

பழைய யமஹா டிஎக்ஸ்7 ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் விசாரிப்பது உள்ளே இருக்கும் பேட்டரியைப் பற்றித்தான். சிஆர்2032 என்ற வகை. காசு அளவுதான் இருக்கும், கடிகாரக் கடையில் கிடைக்கும். டிஎக்ஸ்7இல் அதை சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறந்து சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கீபோர்டு நின்றுவிடாது. சுவிட்சைப் போட்டால் உயிர் வரும். ஆனால் நினைவகத்தில் இருந்த 32 ஒலிகளும் போயிருக்கும்.

புது பேட்டரி போட்டதும் ஒலிகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து மிடி கேபிள் வழியாக. அப்போது கிட்டத்தட்ட எல்லோரும் தேடி ஏற்றுவது, 1983இல் தொழிற்சாலை போட்டுக் கொடுத்த அதே ஒலிகளைத்தான்.

யோசித்துப் பாருங்க. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வாத்தியம், நினைவு காலியாகக் கைக்கு வருகிறது. என்ன வேண்டுமானாலும் அதில் நிரப்பலாம். நாம் நிரப்புவதோ வேறு யாரோ செய்து வைத்ததை. சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இந்தக் கருவியின் வரலாறு முழுக்க ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு ஒலி யாருக்குச் சொந்தம்? கண்டுபிடித்தவருக்கா, காப்புரிமை வைத்திருப்பவருக்கா, உட்கார்ந்து செய்தவருக்கா, காசு கொடுத்துக் கருவியை வாங்கியவருக்கா?

காதால் கண்டது

ஜான் சௌனிங் அடிப்படையில் ஒரு தாள வாத்தியக்காரர். அமெரிக்கக் கடற்படையில் இசைக்கலைஞராக இருந்தார், பிறகு பாரிஸில் நாடியா பூலாஞ்சேவிடம் படித்தார், 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்பவர் கம்ப்யூட்டரை இசைக்கருவியாக்கலாம் என்று 1963இல் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. பொறியியல் படிக்காத சௌனிங், மேத்யூஸின் நிரலை வாங்கிவந்து ஸ்டான்ஃபோர்டின் கம்ப்யூட்டரில் ஓட வைத்தார். சில விநாடி ஒலியைக் கேட்கவே நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய காலம் அது.

1967இல் அவர் வைப்ரேட்டோவோடு விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் சுருதியை மேலும் கீழும் லேசாக ஆட்டுவதுதான் வைப்ரேட்டோ. பாடகர் குரலில், வயலின்காரர் விரலில் அது விநாடிக்கு ஐந்தாறு தடவை நடக்கும். கம்ப்யூட்டருக்கு விரல் வலிக்காது இல்லையா? அதனால் சௌனிங் வேகத்தைக் கூட்டினார். பத்து தடவை, இருபது தடவை, ஐம்பது, நூறு. ஆட்டத்தின் அகலத்தையும் கூட்டினார். ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டம் காதுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒலியின் குணமே மாறிவிட்டது. ஒரே ஸட்ஜத்தை வீணையும் புல்லாங்குழலும் வேறு வேறாக ஒலிக்கச் செய்கிறதே, அந்த நாத குணம், வெறும் இரண்டு சைன் அலைகளிலிருந்து எழுந்து வந்தது.

இதைக் காதால் கண்ட கண்டுபிடிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கு பிறகுதான் வந்தது. அந்தக் கணக்கும் புதிது இல்லை, வானொலிப் பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். எஃப்எம் என்றதும் நமக்கு ரேடியோ ஞாபகம் வருகிறதே, இரண்டும் ஒரே தத்துவம். ரேடியோவில் அலை நம் காதுக்கு எட்டாத உயரத்தில் ஓடுகிறது. சௌனிங் இரண்டு அலைகளையும் காது கேட்கும் எல்லைக்குள் கொண்டுவந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டப்படும் அலைக்கு கேரியர் என்றும் ஆட்டுகிற அலைக்கு மாடுலேட்டர் என்றும் பெயர். இரண்டும் 100 ஹெர்ட்ஸில் இருந்தால் 100, 200, 300, 400 என்று ஒழுங்கான மேலொலிகள் பிறக்கும். காது அதைத் தந்தியாகவோ குழலாகவோ எடுத்துக்கொள்ளும். கேரியர் 200, மாடுலேட்டர் 280 என்று வைத்தால் 80, 200, 360, 480, 760 என்று ஒன்றுக்கொன்று முழு விகிதத்தில் சேராத ஒலிகள் கிளம்பும். கேட்டால் கோயில் மணி மாதிரி இருக்கும். 1973இல் சௌனிங் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் மணியோசைக்குக் கொடுத்த எண்கள் இவைதான். முன்பெல்லாம் இப்படி ஒரு ஒலியைக் கட்ட டஜன் கணக்கில் அலைகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். இங்கே இரண்டு போதும்.

வேண்டாம் என்றவர்களும் வாங்கியவர்களும்

ஸ்டான்ஃபோர்டின் உரிமம் வழங்கும் அலுவலகம் இதை முதலில் அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் கொண்டுபோனது. ஹாமண்ட் உட்பட யாருக்கும் ஆர்வம் இல்லை. பிறகு ஜப்பானின் நிப்பான் கக்கி வந்தது. யமஹாவின் அன்றைய பெயர் அதுதான். அவர்கள் அனுப்பிய இஷிமுரா என்ற இளம் பொறியாளருக்குச் சில நிமிஷங்களில் விஷயம் புரிந்துவிட்டது. டிஜிட்டல் சில்லுகள் மலிவாகப்போகிற காலம் வருகிறது, குறைந்த கணக்கில் நிறைய ஒலி தரும் முறை கைக்கு வந்திருக்கிறது. யமஹா உரிமத்தை வாங்கியது. காப்புரிமை 1977இல் கிடைத்தது.

இதே 1970களில்தான் ஸ்டான்ஃபோர்டு சௌனிங்குக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. கம்ப்யூட்டரில் இசை செய்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இசைத் துறைக்குப் புரியவில்லை. அவர் வெளியேறினார், கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சியாளராகத் திரும்ப அழைக்கப்பட்டார், பிறகு பேராசிரியரும் ஆனார். வேண்டாம் என்று அனுப்பப்பட்டவரின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவரும் நண்பர்களும் தொடங்கிய கணினி இசை ஆய்வு மையத்தை வளர்த்தது.

அவர் மட்டும் இசையமைப்பாளராகவே இருந்தார். 1977இல் அவர் செய்த 'ஸ்ட்ரியா' முழுக்க எஃப்எம் ஒலியால் ஆனது. கேரியருக்கும் மாடுலேட்டருக்கும் நடுவில் உள்ள விகிதத்தைப் பொன் விகிதமான 1.618 ஆக வைத்தார். ஸ்தாயியையே இரண்டு மடங்கு என்பதிலிருந்து 1.618 மடங்குக்கு மாற்றினார். கண்டுபிடிப்பாளர் அதைத் தனக்குச் சொந்தமாக்கிக்கொண்ட விதம் இது. எந்த வாத்தியத்தையும் போலி செய்யாமல், அந்த முறைக்கு மட்டுமே உரிய ஓர் உலகத்தைக் கட்டினார்.

மூடிய பெட்டி

யமஹாவின் முதல் எஃப்எம் கருவிகளில் ஒன்றான ஜிஎஸ்1, 1980களின் தொடக்கத்தில் வந்தது. பியானோ மாதிரி பெரிசு, விலையும் பெரிசு. அதில் வாசிப்பவர் புது ஒலி செய்யவே முடியாது. கம்பெனி கொடுக்கும் காந்த அட்டைகளைச் செருகி ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

1983இல் வந்த டிஎக்ஸ்7 கதவைத் திறந்துவிட்டது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள், 14 கிலோ எடை, அமெரிக்காவில் 1,995 டாலர். அன்றைக்குப் பெரும் பேர் வாங்கியிருந்த அனலாக் சிந்தசைசர் ப்ராஃபெட்-5இல் ஐந்து ஸ்வரம்தான் சேர்ந்து ஒலிக்கும், விலை அதைவிட அதிகம். டிஎக்ஸ்7 சூட்டில் சுருதி விலகாது. எவ்வளவு அழுத்தி அடிக்கிறோம் என்பதை உணர்ந்து ஒலியின் குணத்தையே மாற்றும். மிடி இணைப்பும் இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது.

கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே இருட்டு. பழைய அனலாக் கருவிகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு இருக்கும். திருகினால் என்ன ஆகிறது என்று உடனே கேட்கும். டிஎக்ஸ்7இல் திருகே கிடையாது. சவ்வு மாதிரி தட்டையான பொத்தான்கள், ஒரே ஒரு தள்ளு பட்டை, 16 எழுத்து அகலத்தில் இரண்டு வரி காட்டும் வெளிச்சமில்லாத திரை. அந்தச் சின்னச் சன்னல் வழியாக ஒரு ஒலிக்கு 150 எண்கள் வரை அமைக்க வேண்டும். ஆபரேட்டர் எனப்படும் ஆறு அலைகள், அவற்றை ஒன்றோடொன்று கோர்க்க 32 வழிகள், ஒவ்வொரு அலைக்கும் எழுந்து அடங்கும் வடிவத்தைச் சொல்ல நான்கு வேகங்கள், நான்கு உயரங்கள். ஓர் எண்ணை 70இலிருந்து 75 ஆக்கினால் ஒன்றும் தெரியாது, 80 ஆக்கினால் ஒலி கிழிந்து போகும். மாடுலேட்டரின் அளவு கூடும்போது மேலொலிகள் சீராகக் கூடுவதில்லை, சில எழும், சில அடங்கும். எஃப்எம்மின் கணக்கே அப்படித்தான்.

அதனால் பெரும்பாலோர் உள்ளே போகவில்லை. பழுது பார்க்க வந்த டிஎக்ஸ்7களில் தொழிற்சாலை ஒலிகள் அப்படியே இருந்தன என்று அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை மிகைதான் என்றாலும், 1980களின் பாப் இசையைக் கேட்கிறவருக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

அந்தப் பியானோ

தொழிற்சாலை ஒலிகளை அமைத்ததில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். இங்கிலாந்தின் டேவ் பிரிஸ்டோ, அமெரிக்காவின் கேரி லூயன்பெர்கர். சிந்தசைசர் வட்டத்துக்கு வெளியே இந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்கள் உருவாக்கித் தந்த ஒலிகளைக் கேட்காதவர்கள் இன்னும் குறைவு.

'இ.பியானோ 1' என்ற ஒலியை எடுத்துக்கொள்வோம். ஆறு அலைகள் மூன்று ஜோடிகளாகப் பிரிகின்றன. ஒரு ஜோடியில் மாடுலேட்டர், கேரியரைவிட 14 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கட்டையை மெதுவாகத் தொட்டால் அது ஒளிந்திருக்கும், ஓங்கி அடித்தால் கண்ணாடியில் கரண்டி பட்ட மாதிரி ஒரு 'டிங்'. மற்ற ஜோடிகள் அதற்கு அடியில் வெதுவெதுப்பான உடம்பைத் தருகின்றன. ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவுக்குள் சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியை அடிப்பதை எண்களால் சொல்லும் முயற்சி இது. 1985இல் விட்னி ஹூஸ்டனின் முதல் ஆல்பத்தில் வந்த 'கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' பாடலைக் கேட்டுப் பாருங்க, அதில் இருக்கிறது.

போலி அசலைத் தாண்டிப் போனதுதான் விசேஷம். ரோட்ஸைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், டிஎக்ஸ்7ஐக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். 1980களின் நடுவில் ரோட்ஸ் தயாரிப்பு நின்றுபோனது. அதன் பிறகு காதல் பாட்டு என்றாலே காது எதிர்பார்த்தது அந்தக் கண்ணாடிப் பியானோவைத்தான். யாரோ இரண்டு பேர் எடுத்த தீர்மானம் ஒரு தலைமுறையின் உருக்கத்துக்கு இலக்கணமாகிவிட்டது. அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்த ஒலி அழகானது, அதை வாசித்தவர்களின் உருக்கமும் உண்மையானது.

உள்ளே போனவர்களும் இருந்தார்கள். பிரையன் ஈனோ இதோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். தான் செய்த சில ஒலிகளின் எண்களை 1987இல் ஓர் இசைப் பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்தார். வாசகர்கள் எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றிக்கொண்டார்கள், சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பது போல.

நம் பக்கமும் எஃப்எம் வந்தது. 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் இசைக் கணினியைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அந்தக் கணினியின் ஒலிப்பகுதி டிஎக்ஸ்7க்குத் தம்பி முறை, ஆறுக்குப் பதில் நான்கு ஆபரேட்டர். பிறகு சேகா வீடியோ கேமிலும் பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டையிலும், 2000களில் செல்போன் ரிங்டோன்களிலும் யமஹாவின் எஃப்எம் சில்லுகள் இருந்தன. இசைக்கலைஞர்கள் அதற்குள் நகர்ந்துவிட்டார்கள். 1987இல் ரோலண்ட் டி-50, 1988இல் கோர்க் எம்1 என்று நிஜ வாத்தியங்களின் பதிவுகளைக் கலந்து ஒலிக்கும் கருவிகள் வந்ததும், டிஎக்ஸ்7 கட்டிலுக்கு அடியில் போனது.

வெற்று நினைவகம்

இன்று டிஎக்ஸ்7 போல ஒலிக்க டிஎக்ஸ்7 தேவையில்லை. டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் அதே எண்களை வாங்கி அதே வேலையைச் செய்கிறது. யார் யாரோ செய்த ஆயிரக்கணக்கான ஒலிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 1983இல் 32இலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், இப்போது ஆயிரக்கணக்கிலிருந்து. செய்வது என்னவோ தேர்ந்தெடுப்பதுதான்.

அப்படியானால் பழைய கருவியை வைத்துக்கொண்டு என்ன பயன்? அதன் மெலிதான இரைச்சல், டிஜிட்டலின் ஆரம்ப காலத்துச் சொரசொரப்பு, இதற்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வெற்று நினைவகம். கருவியில் 'வாய்ஸ் இனிட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் எல்லாம் துடைக்கப்பட்டு, ஒரே ஒரு சைன் அலை மிஞ்சும். ஊதல் மாதிரி, குணமே இல்லாத ஒலி. இரண்டாவது ஆபரேட்டர் முதலாவதை ஆட்டும் விதத்தில் ஏற்கெனவே கோர்க்கப்பட்டிருக்கும், அளவு மட்டும் பூஜ்யத்தில் இருக்கும்.

அந்த இரண்டாவது ஆபரேட்டரை நிலையான அதிர்வுக்கு மாற்றி, 6 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அளவை மெதுவாகக் கூட்டுங்கள். சுருதி ஆடத் தொடங்கும், வைப்ரேட்டோ. இப்போது அதிர்வைக் கூட்டுங்கள்: 10, 20, 50, 100. எந்த இடத்தில் ஆட்டம் மறைந்து ஒலி வேறொன்றாகிறது என்று கவனியுங்கள். 1967இல் சௌனிங் கேட்டது இதைத்தான். அவர் காத்திருந்து காத்திருந்து கேட்டதை, தள்ளு பட்டையை நகர்த்தி உடனே கேட்கலாம். பிறகு அதை விகித முறைக்கு மாற்றி 1.40 என்று வைத்தால் மணி அடிக்கும்.

அந்த மணி அவருடைய மணிதான். 1.41 என்று வைத்து, அடங்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க. பிடித்திருந்தால் முதல் இடத்தில் சேமித்து ஒரு பெயர் கொடுங்கள். பெயருக்குப் பத்து எழுத்து இடம் இருக்கிறது.