சர்க்கரையோடு இதயச் செயலிழப்பும் இருந்தால்: நோயாளியும் நோன்பும்

ஷஃபான் பிறந்துவிட்டால் பள்ளிவாசல் வாசலில் இந்தக் கேள்வி வந்துவிடும். "ஹஸ்ரத், எனக்கு ஹார்ட் வீக், சுகரும் உண்டு. நோன்பு பிடிக்கலாமா?" தலையில் காயம்பட்டவரைக் குளிக்கச் சொல்லி, அதனால் அவர் இறந்துபோன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தெரியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆகவே பதிலுக்கு முன் நோயைத் தெரிந்துகொள்வோம்.

மக்கள் 'ஹார்ட் வீக்' என்பதை மருத்துவர்கள் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். இதயம் நின்றுபோவதல்ல அது. இதயத் தசை தளர்ந்தோ விறைத்தோ போய், உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை. நடந்தால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது, கால் வீங்கும்.

நம் மாவட்டத்தினர் இதய சிகிச்சைக்கு அதிகம் போகும் ஊர் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் மருத்துவர்கள் 2013இல், 18 மருத்துவமனைகளில் இந்நோய்க்காகச் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலைநாடுகளை விடச் சுமார் பத்தாண்டு குறைவு. பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை இருந்தது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 45 சதவீதம் பேரும், ஐந்து ஆண்டுகளில் 59 சதவீதம் பேரும் இறந்துவிட்டார்கள். எல்லா மரணத்துக்கும் சர்க்கரையே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதன் பங்கு பெரியது.

சர்க்கரை இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்களை அடைப்பதோடு நில்லாமல் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. தசையையும் விறைக்க வைக்கிறது. சிறுநீரகம் பழுதானால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி, இதயத்தின் சுமை கூடுகிறது. நரம்புகள் மரத்துப்போவதால் சிலருக்கு மாரடைப்பின் வலிகூடத் தெரிவதில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974இலேயே, சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஐந்து மடங்கும் வருவதாகக் கண்டது. நம் வீட்டுப் பெண்கள் மூச்சிரைப்பை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுகிறார்கள். அதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அப்படியானால் சர்க்கரையை முடிந்த மட்டும் இறக்கிவிடலாமா? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை ஆறுக்குக் கீழே கொண்டுவர முயன்ற அமெரிக்க ஆய்வொன்றில் மரணம் கூடியதால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். இதயச் செயலிழப்பும் சர்க்கரையும் சேர்ந்த அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், 7.1 முதல் 7.8 வரை இருந்தவர்களிடமே மரணம் குறைவு. அதற்கு மேலும் கீழும் கூடுதல். சர்க்கரை திடீரென இறங்கும்போது இதயத் துடிப்பே தடம் புரளலாம்.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். பயோகிளிட்டசோன் உடம்பில் நீர் சேர்க்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஆகாது. இரண்டு டாக்டர்களிடம் பார்ப்பவர் ஒருவர் சீட்டை மற்றவரிடம் காட்டாததால் இப்படிப்பட்ட மாத்திரை தொடர்ந்துகொண்டே இருக்கும். மாறாக, சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் உதவுகிறது. 4744 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் முற்றுவதும் இதய மரணமும் சேர்ந்து 26 சதவீதம் குறைந்தன. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. காப்புரிமை முடிந்ததால் இப்போது விலையும் குறைவு.

இனி நோன்பு. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் நோயாளிக்குச் சலுகை தருகின்றன. குணமாகும் நோய் என்றால் பிறகு களா செய்யலாம். தீராத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா. இந்தச் சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவல்ல. மூச்சிரைப்போ கால் வீக்கமோ அடங்காதவர், இன்சுலின் போடுபவர், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர் ஆகியோருக்கு நோன்பு ஆபத்து. நீர் பிரிக்கும் மாத்திரையோடு டாபாகிளிஃப்ளோசினும் எடுப்பவருக்குப் பகலில் உடம்பு வறண்டுபோகும்.

டாக்டர் அனுமதித்தவர்கள் பகலிலும் சர்க்கரை பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். இஃப்தாரில் வடை, சமோசா, ஊறுகாய் என உப்பை ஏற்றுவதும், ஒரே மூச்சில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதும் அன்றிரவே மூச்சுத் திணறலில் கொண்டுவிடலாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாமல், ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எல்லாச் சீட்டுகளோடும் போய்க் கேளுங்கள். அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு எங்களிடம் வாருங்கள்; களாவா, ஃபித்யாவா என்பதை அதன்பிறகு சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.