தோசை முறுகலும் மூணு மாச ரத்தக் கணக்கும்

போன மாசம் மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் வந்தது. எச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வரணும். 5.7-ஐத் தாண்டியாச்சு, அதனால் இப்போதைக்கு வாசற்படியில் நிற்கிறேன். "மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார் டாக்டர். ஏன் மூணு மாசம், ஏன் மூணு வாரம் இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன், கடைசியில் எங்க வீட்டு தோசைக்கல்லில் போய் முட்டினேன். நான் பி.ஈ. படித்து கோட் எழுதிப் பிழைக்கிறவன், உயிர்வேதியியல் என் துறை இல்லை. ஆனால் கதை சுவாரஸ்யமானது, கேளுங்கள்.

1912-ல் பிரான்சில் லூயி கமில் மயார் என்ற மருத்துவர் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் தண்ணீரில் சேர்த்துச் சூடாக்கினார். கரைசல் மஞ்சளாகி, பிறகு பழுப்பானது. அவர் சமையலை ஆராய வந்தவர் இல்லை. அவருடைய அக்கறை சிறுநீரகம், யூரியா, உடலில் புரதம் எப்படி உருவாகிறது என்பதில்தான். ஆனாலும் அவர் பார்த்த அந்த வினைதான் ரொட்டியின் மேல்தோல், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை, முறுகல் தோசையின் பொன்னிறம் எல்லாவற்றுக்கும் காரணம். இன்று அதற்கு மயார் வினை என்றே பெயர். மனித உடலின் நோய்களோடும் இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று அப்போதே எழுதினார். அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1936-ல் இறந்துபோனார்.

இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்காகச் சேமித்த முட்டைப்பொடியும் பால்பொடியும் பழுப்பாகிக் கெட்டபோதுதான் விஞ்ஞானிகள் மயார் பக்கம் திரும்பினார்கள். 1953-ல் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஜான் ஹாட்ஜ், இந்த வினை எந்தெந்தப் படிகளில் போகிறது என்று ஒரு வரைபடம் போட்டார். நம்ம பாஷையில் சொன்னால், ஃப்ளோ சார்ட். இன்றும் பாடப்புத்தகங்களில் அதுதான் ஆரம்பம்.

இங்கே வெப்பநிலை முக்கியம். தண்ணீர் இருக்கும்வரை உணவு 100 டிகிரியைத் தாண்டாது. இட்லி வெள்ளையாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். மேற்பரப்பில் ஈரம் வற்றியதும் சூடு எகிறும். 140 டிகிரிக்கு மேல் பழுப்பாவது மளமளவென்று நடக்கும். ஆனால் கவனியுங்கள், 100-க்குக் கீழே அது நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். அலமாரியில் வைத்த பால்பொடியே பழுப்பாகும். அப்படியானால் புரதமும் சர்க்கரையும் நிறைந்து, 37 டிகிரியில் பல வருஷம் வைக்கப்பட்ட ஒரு பாத்திரம் என்ன ஆகும்? அந்தப் பாத்திரம் நாம்தான்.

இதற்கு ஆதாரம் கிடைத்த இடம் தெஹ்ரான். 1960-களின் கடைசியில் சாமுவேல் ரஹ்பார் என்ற ஈரானிய மருத்துவர், ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான வகைகளைத் தேடி நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் ஒரு பட்டை தனியாகத் தெரிந்தது. 1968-ல் அதை வெளியிட்டார். சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின் அது, அதாவது மயார் வினையின் முதல் படி. எந்த என்சைமும் ஒட்ட வைக்கவில்லை, தானாக ஒட்டியது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதுவரை ஒட்டினது ஒட்டினதுதான். டாக்டர் சொன்ன மூணு மாசக் கணக்கு இதுதான். எச்பிஏ1சி என்பது ரத்தம் எழுதி வைக்கும் லாக் ஃபைல். டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

சிவப்பணு 120 நாளில் போய்விடும், ஆனால் கண் லென்ஸில் உள்ள புரதம் ஆயுள் முழுக்க மாறாது. தோலிலும் ரத்தக்குழாயிலும் உள்ள கொலாஜனும் பல வருஷம் இருக்கும். 1981-ல் மோனியே, செராமி என்ற இருவர், முதுமையில் லென்ஸ் மஞ்சளாவதும் இதே பழுப்பு வினையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். வினையின் கடைசிப் படியில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகின்றன. வயதாவதன் ஒரு பகுதி, மிக மிக மெதுவாக வறுபடுவதுதான்.

சரி, வெளியே தோசைக்கல்லில் உண்டாவது உள்ளே போகுமா? 1997-ல் வந்த ஒரு ஆய்வில், ஃப்ரக்டோஸ் சேர்த்துச் சமைத்த முட்டை வெள்ளைக்கருவைச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்த பழுப்புப் பொருட்களில் ஏறத்தாழ 10 சதவீதம் ரத்தத்தில் ஏறியது.

அதே 1997-ல் ஸ்வீடனில் வேறொரு கதை. ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கத்தில் நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நிற்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அக்ரிலமைடு ஒட்டியிருந்ததும் ஹீமோகுளோபினில்தான். அதே லாக் ஃபைல்! விசித்திரம் என்னவென்றால், ஒப்பிடுவதற்காக எடுத்த, சுரங்கப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்திலும் அது கொஞ்சம் இருந்தது. எங்கிருந்து வந்தது? ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மார்கரெட்டா டோர்ன்க்விஸ்ட் குழு எலிகளுக்குப் பொரித்த தீனி கொடுத்தது, அளவு ஏறியது. 2002 ஏப்ரலில் உலகத்துக்கு அறிவித்தார்கள்: உருளைக்கிழங்கு சிப்ஸில் அக்ரிலமைடு நிறைய, வேகவைத்த கிழங்கில் கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. எல்லைக்கோடு சுமார் 120 டிகிரி. வழியும் மயார் வினைதான்.

உடனே சட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். அக்ரிலமைடு 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் 1994-லேயே சேர்க்கப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளை வைத்து. உணவு வழியாக மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்ற ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. பழுப்புப் பொருட்களைக் குறைத்த உணவுச் சோதனைகளும் சிறியவை, குறுகிய காலத்தவை.

என்னைப் பொறுத்தவரை கணக்கு இதுதான். ரெண்டு அடுப்பு எரிகிறது. வெளியே இருப்பது 200 டிகிரி, சில நிமிஷம். உள்ளே இருப்பது 37 டிகிரி, 24 மணி நேரமும். நான் செய்யவிருந்த தப்பு, வெளி அடுப்பை மட்டும் பார்த்தது. "தோசை வேணாம், இனிமே இட்லிதான்" என்று வீட்டில் அறிவித்து ஆறு இட்லி தட்டில் போட்டுக்கொண்டேன். இட்லி 100 டிகிரியில் வெந்தது, பழுப்பே இல்லை. ஆனால் அந்த ஆறு இட்லியின் மாவுச்சத்து சர்க்கரையாகி உள் அடுப்புக்கு விறகாகிறது. லாக் ஃபைலில் பதிவாவது அதுதான்.

அதனால் இப்போது எண்ணிக்கையைக் குறைத்து, இரவு சாப்பாட்டுக்குப் பின் நடக்கிறேன். உருளை வறுவல் கருகாமல் பொன்னிறத்தில் இறங்குகிறது. பொரிக்கிற கிழங்கை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை, குளிரில் அதன் மாவு சர்க்கரையாகி, பொரிக்கும்போது அக்ரிலமைடு கூடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா ஒரு முறுகல் தோசை போடுவாள். "ஒண்ணே ஒண்ணு போதுமாடா?" என்கிறாள். போதும்மா.

அடுத்த டெஸ்டுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. இன்றைக்கு என் உடம்பில் ஓடும் சிவப்பணுக்களில் பாதி, அன்றைக்கு இருக்காது. புதுசாக வருகிறவற்றில் என்ன எழுதப்படும் என்பதாவது ஓரளவு என் கையில் இருக்கிறது.