நெல் தாள் மேலாண்மை (பஞ்சாப், ஹரியாணா)

நெல் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அடித்தாளையும் சிதறிக் கிடக்கும் வைக்கோலையும் கொளுத்தாமல், மண்ணிலேயே விட்டோ வாரிச் சென்றோ பயன்படுத்துவது நெல் தாள் மேலாண்மை. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் சேர்கிறது. உழவரின் அறியாமையால்தான் அது எரிகிறது என்பது தவறான பேச்சு. அவர்களுக்கு நாள் போதவில்லை. வற்றிவரும் நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாபில் வந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் பின்னுக்குப் போனது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைக்காவிட்டால் விளைச்சல் குறையும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். தமிழ்நாட்டில் மாட்டுக்குப் போகும் நெல் வைக்கோலை அங்கே பெரும்பாலும் தீவனமாக்குவதில்லை. மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான்.

ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் உண்டு. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையோடு போய்விடும். வைக்கோலைக் கட்டுக்கட்டாக அனல்மின் நிலையத்துக்கு அனுப்பலாம். ஆனால் எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்கை ஏற்றவும் சேமிக்கவும் செலவு அதிகம், சாம்பல்சத்தும் வயலை விட்டுப் போய்விடுகிறது. எனவே வைக்கோலை வயலிலேயே விடுவதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும். அதற்கான கருவி ‘ஹேப்பி சீடர்’. டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகள் தாளை வெட்டி ஒதுக்க, கீறிய கோட்டில் கோதுமை விதையும் உரமும் விழும்; வைக்கோல் மூடாக்காக மேலே கிடந்து ஈரத்தைக் காக்கும். காலைப் பனியில் நனைந்த வைக்கோல் கத்தியில் சுற்றிக்கொள்ளும் என்பதால், வெயில் ஏறிய பிறகே வண்டியை இறக்க முடியும்.

வருடத்தில் சில வாரமே ஓடும் கருவியைச் சிறு உழவர் எப்படி வாங்குவார் என்ற கேள்வி நியாயமானது. 2018-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் தனி உழவருக்கு 50 விழுக்காடும், வாடகை மையங்களுக்கு 80 விழுக்காடும் மானியம் தந்தது இதற்காகத்தான். இருந்தும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டியிருந்தால் வாடகை மையத்தாலும் ஈடுகொடுக்க முடியாது. தாளை எரிப்பவருக்கு விதிக்கும் அபராதமும் நாளைக் கூட்டித் தராது. நாளைக் கூட்டுவது நெல் ரகம்: பூசா 44 முதிர ஏறத்தாழ 160 நாள் ஆகும்; லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஆர் 126 அதைவிட ஒரு மாதத்துக்கு மேல் முந்திவிடும். பூசா 44-இல் விளைச்சல் கூடுதல் என்று உழவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் நாள்களுக்கும் பாய்ச்ச வேண்டிய தண்ணீர், 2009 சட்டம் காக்க முனைந்த அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது.