சட்டவேலி ஓட்டத்தில் முன்வரிசை யாருக்கு? – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு துறையிலே தலைசிறந்தவர் யாவர் என்ற வினா எழும்போதெல்லாம் இருவகைத் தவறுகள் நிகழ்வதுண்டு. தம் காலத்தவரையே எக்காலத்துக்கும் மேலானவராகக் கொள்வது ஒன்று. சென்ற காலத்தவரை எவராலும் எட்ட முடியாதவராகக் கொள்வது மற்றொன்று. முன்னையது ஆர்வத்தால் விளைவது. பின்னையது பழமைப் பற்றினால் விளைவது. அரசரையும் புலவரையும் மதிப்பிடுமிடத்து மட்டுமன்றி, விளையாட்டு வீரரை மதிப்பிடுமிடத்தும் இவ்விரு தவறுகளையும் காணலாம். வரலாற்று மாணவர் இவ்விரண்டிலிருந்தும் விலகி நின்று, சான்றுகளின் துணையுடன் தீர்ப்புக் கூறக் கடமைப்பட்டவராவர். அம்முயற்சிக்கு மெய்வல்லுநர் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சிட்னி மக்லோக்லின்-லெவ்ரோன், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 இல் நடைபெற்ற பரிஸ் ஒலிம்பிக்கிலும் மகளிர் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அந்நிகழ்ச்சியில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற முதற் பெண் அவரே. 2021 ஜூன் மாதத்துக்கும் 2024 ஓகஸ்ற் மாதத்துக்கும் இடையில் ஆறு தடவைகள் உலக சாதனையைத் தமதாக்கினார். இத்தகையவரை எட்வின் மோசஸ் முதலிய பேராற்றலாளர் வரிசையிலே வைத்து எண்ணலாமா என்பதே நம்முன் உள்ள வினா.

விடை காணுமுன் இந்நிகழ்ச்சியின் இயல்பை அறிதல் வேண்டும். ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து 45 மீற்றரில் முதலாவது வேலி அமையும். அதன்பின் 35 மீற்றருக்கு ஒன்றாக மொத்தம் பத்து வேலிகள். இறுதி வேலிக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையே 40 மீற்றர். வேலிகளுக்கிடையே எடுத்துவைக்கும் அடிகளின் எண்ணிக்கையே இங்கு ஓட்டக்காரரின் தலைவிதியை நிர்ணயிப்பது. ஒற்றைப்படையாக அடிகள் அமையின் ஒரே காலினாலேயே ஒவ்வொரு வேலியையும் தாண்டலாம். இரட்டைப்படையாக அமையின் காலை மாற்றி மாற்றித் தாண்ட வேண்டும். களைப்பு மிகும்போது அடி குறுகும். அடி குறுகினால் எண்ணிக்கை பிறழும். எண்ணிக்கை பிறழ்ந்தால் வேலிக்கு முன்னே தயக்கம் ஏற்படும். ஆகவே வேகம், தாங்குசக்தி, நுட்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் ஓட்டம் இது.

மேன்மையை அளக்க எளிதிற் கைக்கெட்டும் கருவி கடிகாரமேயாகும். ஆயின் அக்கருவி எத்துணை ஏமாற்ற வல்லது என்பதை நமது நாட்டு வரலாறே உணர்த்தும். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948 ஆம் ஆண்டில், இலண்டன் ஒலிம்பிக்கில், டங்கன் வைற் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அமெரிக்கரான றோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலிடம் பெற்றார். அந்நாளில் நிலவிய ஆடவர் உலக சாதனை, 1934 இல் கிளென் ஹார்டின் ஓடிய 50.6 செக்கன். மக்லோக்லின் 2024 இல் பரிஸில் ஓடிய நேரமோ 50.37 செக்கன். கடிகாரம் ஒன்றையே நம்புவோமாயின், இப்பெண் கொக்ரனையும் வைற்றையும் மட்டுமன்றி, அக்காலத்து உலக சாதனையாளரையும் வென்றுவிட்டார் எனல் வேண்டும்.

இம்முடிபு பொருந்தாதென்பது வெளிப்படை. ஆடவர் தாண்டும் வேலியின் உயரம் 91.4 சென்ரிமீற்றர், மகளிர் தாண்டுவது 76.2 சென்ரிமீற்றர். வைற் ஓடியது எரிகரித் துகள் பரப்பிய பாதையில். ஒலிம்பிக்கில் செயற்கைப் பாதை வந்தது 1968 இல், மெக்சிக்கோவிலே. அன்றைய நேரக்கணிப்பு வேறு, காலணி வேறு, பயிற்சிக்கு இருந்த வசதி வேறு. எனவே 50.37, 51.8 ஆகிய இரு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, இரு வேறு நாணயங்களை மாற்று வீதம் அறியாமல் கூட்டுவதை ஒக்கும்.

அவ்வாறாயின் கடிகாரத்தைப் புறக்கணித்தல் வேண்டுமா? வேண்டியதில்லை. ஒருவர் ஓடிய நேரத்தை வேறொரு காலத்தவரின் நேரத்தோடு ஒப்பிடாது, அவர் வருமுன் இருந்த எல்லையை எவ்வளவு தூரம் நகர்த்தினார் என்று நோக்குவதே முறையாகும். 1986 இல் சோவியத் ஒன்றியத்தின் மரீனா ஸ்தெபானோவா 52.94 செக்கனில் ஓடி, 53 செக்கனுக்குக் குறைவாக ஓடிய முதற் பெண் ஆனார். 2019 இல் அமெரிக்காவின் டலைலா முஹம்மட் தோஹாவில் 52.16 செக்கனில் ஓடினார். அதாவது 33 ஆண்டுகளிலே சாதனை முன்னேறியது 0.78 செக்கன் மாத்திரமே. அதன் பின்னர் மக்லோக்லின் 2021 இல் 51.90, 51.46 எனவும், 2022 இல் 51.41, 50.68 எனவும், 2024 இல் 50.65, 50.37 எனவும் ஓடினார். மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் கூடிய காலத்திற் குறைந்தது 1.79 செக்கன்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். புதுவகை முள்காலணிகளும் மேம்பட்ட ஓடுபாதைகளும் வந்த காலம் இது. முன்னேற்றம் அவற்றுக்குரியதேயன்றி ஓடியவருக்குரியதன்று என்பது அத்தடை. இது புறந்தள்ளத்தக்கதன்று. டோக்கியோவில் ஆடவர் இறுதி ஓட்டத்தில் நோர்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் 45.94 செக்கனில் ஓடினார்; இரண்டாம், மூன்றாம் இடத்தவர்களும், 1992 இல் கெவின் யங் பார்சலோனாவில் நிலைநாட்டி 29 ஆண்டுகள் நின்ற 46.78 என்ற நேரத்தை விட விரைவாக ஓடினர். காலத்தின் அலை எல்லாரையும் உயர்த்தியது என்பதற்கு இது போதிய சான்றாகும். எனினும் இதே ஆடவர் ஓட்டம் நமக்கு ஓர் அளவுகோலையும் தருகின்றது. யங்கின் நேரத்திலிருந்து வார்ஹோமின் நேரம் வரை ஏற்பட்ட குறைவு நூற்றுக்கு 1.8 வீதம். முஹம்மட்டின் நேரத்திலிருந்து மக்லோக்லினின் நேரம் வரை ஏற்பட்ட குறைவு நூற்றுக்கு 3.4 வீதம். பொதுவான அலையின் பங்கைக் கழித்த பின்னரும், ஏறத்தாழ அதே அளவு எஞ்சி நிற்கின்றது. அவ்வெச்சம் ஓடியவருக்கே உரியது.

இரண்டாவது அளவை, எதிர்நின்றோரின் தகுதியாகும். வலியற்றோரை வென்றவருக்கு வரலாறு நெடுநாள் இடம் அளிப்பதில்லை. டோக்கியோ இறுதி ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்ற முஹம்மட் 51.58 செக்கனில் ஓடினார். அதுவரை நிலவிய உலக சாதனையைத் தாண்டியும் அவருக்கு வெள்ளியே கிடைத்தது. மூன்றாமிடம் பெற்ற நெதர்லாந்தின் பெம்கே போல், 2024 ஜூலையில் 50.95 செக்கனில் ஓடி, 51 செக்கனுக்குள் வந்த இரண்டாவது பெண்ணானார். அவர் 2023 இலும் 2025 இலும் உலக சம்பியன் பட்டமும் வென்றவர். இத்தகைய இருவர் எதிர்நின்ற காலத்திலே பெற்ற வெற்றி, வெற்றிடத்திற் பெற்ற வெற்றியன்று.

மூன்றாவது அளவை ஆட்சியின் நீட்சி. இங்கேதான் எட்வின் மோசஸ் எவரினும் உயர்ந்து நிற்கின்றார். பௌதிகவியல் மாணவரான அவர், 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் 47.63 செக்கனில் ஓடி, உகண்டாவின் ஜோன் அக்கி-புவா 1972 இல் மியூனிக்கில் நிலைநாட்டிய 47.82 என்ற சாதனையை முறியடித்தார். வேலிகளுக்கிடையே முதலிலிருந்து முடிவு வரை 13 அடிகளையே பேணும் முறையை அவர் நிலைபெறச் செய்தார். 1977 ஓகஸ்ற் மாதத்திலே மேற்கு ஜேர்மனியின் ஹரல்ட் ஷிமிட்டிடம் தோற்ற பின், 1987 ஜூனில் மட்றிட் நகரில் டனி ஹாரிஸிடம் தோற்கும்வரை, தொடர்ந்து 122 ஓட்டங்களில் அவர் வென்றார். 1980 இல் அமெரிக்கா மொஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவர் அங்கு ஓடவில்லை. ஆயினும் 1984 இல் மீண்டும் தங்கம் வென்றார். 1976 இலிருந்து 1983 வரை உலக சாதனையை அவர் குறைத்தது 0.80 செக்கன், வீதத்தில் அது 1.7. எல்லையை நகர்த்திய தூரத்தில் மக்லோக்லின் முந்துகின்றார். ஆட்சி செய்த காலத்தில் மோசஸ் முந்துகின்றார். மக்லோக்லின் ஆண்டுதோறும் ஓடிய சட்டவேலி ஓட்டங்கள் மிகச் சிலவே; 2023 இல் முழங்கால் உபாதையினால் உலகப் போட்டியில் பங்குபற்றவில்லை; 2025 இல் சட்டவேலியை விடுத்துச் சாதாரண 400 மீற்றர் ஓட்டத்திற் போட்டியிட்டார். பத்தாண்டுத் தொடர் வெற்றி என்னும் சான்று அவரிடத்து இல்லை.

இதுவரை கூறியவை ஓட்டக்காரர் இருவரைப் பற்றியன. ஆயின் இவ்வினாவின் உள்ளே அதனினும் ஆழமான ஒரு வரலாற்றுப் பிரச்சினை அடங்கியுள்ளது. பேராற்றலாளர் பட்டியல் ஒன்றை நாம் வரையும்போது, அப்பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பே எவரெவர்க்கு இருந்தது என்பதே அப்பிரச்சினை. ஆடவர் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம் 1900 இல் பரிஸ் ஒலிம்பிக்கிலேயே நடைபெற்றது. மகளிருக்கு மெய்வல்லுநர் போட்டிகளிற் கதவு திறந்தது 1928 இல். அவ்வாண்டு நடந்த மகளிர் 800 மீற்றர் ஓட்டம், பெண்ணுடல் தாங்காது என்ற கருத்தினால் நீக்கப்பட்டு, 1960 வரை ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. சாதாரண 400 மீற்றர் ஓட்டம் 1964 இல் வந்தது. மகளிர் 400 மீற்றர் சட்டவேலிக்கு முதலாவது உலக சாதனை ஏற்கப்பட்டது 1974 இல். ஒலிம்பிக்கில் அது சேர்ந்தது 1984 இல், லொஸ் ஏஞ்சலிஸிலே. ஆடவருக்கும் மகளிருக்கும் இடையே 84 ஆண்டு இடைவெளி.

அம்முதல் ஒலிம்பிக் ஓட்டம் தனித்துக் கவனிக்கற்பாலது. 54.61 செக்கனில் வென்றவர் மொறொக்கோவின் நவால் எல் முத்தவக்கில். அவர் நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டியவர் ஒரு பெண் என்பது அரபு உலகெங்கும் எதிரொலித்தது. நான்காமிடம் பெற்றவர் நமது அயல்நாடான இந்தியாவின் பி. ரி. உஷா, 55.42 செக்கனில் ஓடிய அவர், செக்கனில் நூறில் ஒரு பங்கினால் வெண்கலத்தை இழந்தார். சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜேர்மனியும் அவ்வாண்டு விலகி நின்றமையால் அன்றைய உலக சாதனையாளர் களத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆயினும், வட ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் பெண்கள் மைதானத்திற்கு வருவதற்கு அவ்வோட்டம் தந்த உந்துதலை எந்தக் கடிகாரமும் காட்டாது.

இவ்வரலாற்றை மறந்து, ‘மகளிர் சட்டவேலியில் மோசஸுக்கு நிகரான மரபு ஏது?’ என்று வினவுவது நீதியன்று. மரபு குறுகியதற்குக் காரணம் ஆற்றற் குறைவன்று, அனுமதி மறுப்பே. 1948 இல் வைற் ஓடியபோது, அதே தூரத்தை வேலிகளுடன் ஓடியிருக்கக்கூடிய பெண்கள் உலகெங்கும் இருந்திருப்பர். அவர்கள் பெயரை எப்பட்டியலும் அறியாது. குறுகிய மரபிலிருந்து வந்தவர் என்பதற்காக மக்லோக்லினின் இடத்தைத் தாழ்த்துவோமாயின், முன்னைய மறுப்பை நாமும் ஒருமுறை வழிமொழிந்தவராவோம். அதேவேளை, அம்மறுப்புக்கு ஈடு செய்யும் நோக்குடன் சான்றுக்கு மேலான இடத்தை அவருக்கு வழங்குவதும் வரலாறாகாது.

இன்னுமொரு தடையையும் இங்கு எதிர்கொள்ளல் தகும். மகளிர் வேலி தாழ்ந்ததாகலின், விரைவாக ஓடுபவர் எவரும் அதில் வெல்லலாம். நுட்பத்துக்கு அங்கே இடமில்லை என்பர் சிலர். 2025 இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் மக்லோக்லின் சாதாரண 400 மீற்றரை 47.78 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். கிழக்கு ஜேர்மனியின் மரீட்டா கொக் 1985 இல் ஓடிய 47.60 ஒன்றே அதனின் விரைவானது. வேலியுடனும் வேலியின்றியும் அவர் ஓடிய சிறந்த நேரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு 2.59 செக்கன், வேலியொன்றுக்கு ஏறத்தாழக் கால் செக்கன். இரு கால்களினாலும் ஒருபோலத் தாண்டும் பயிற்சி இன்றி இத்துணைச் சிறிய இழப்பு வாய்க்காது. வேகம் அவரிடம் மிகுதியாக உண்டு என்பது மெய். அவ்வேகத்தை வேலியிற் சிந்தாமற் காத்தது நுட்பமே.

முடிவாக நோக்குமிடத்து, எல்லையை நகர்த்திய அளவிலும், எதிர்நின்றோரின் தகுதியிலும் மக்லோக்லின்-லெவ்ரோன் சட்டவேலி ஓட்டத்தின் முன்வரிசைக்கு உரியவரே என்பதில் ஐயமில்லை. மகளிர் வரலாற்றில் அவருக்கு மேலான ஒருவரைச் சுட்டுதல் அரிது. ஆயின், மோசஸுக்கும் மேலாக அவரை வைக்க விரும்புவோர், நீண்ட ஆட்சி என்னும் சான்றை இன்னும் காட்ட வேண்டியவர்களாகவே உள்ளனர். முன்வரிசையில் இருவருக்கும் இடமுண்டு. அவ்வரிசையின் தலைமை இடம் மோசஸுடையது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. இத்தீர்ப்பை மாற்றவல்ல சான்றுகள் நாளை கிடைக்கலாம். கிடைக்குமாயின் தீர்ப்பையும் மாற்றுதல் வேண்டும். மேன்மையின் பட்டியல்களை எழுதுவோர், அவற்றிலுள்ள பெயர்களோடு, அவற்றினுள் நுழையவே விடப்படாதோரின் காலத்தையும் சேர்த்து எண்ணப் பழகுவாராயின், விளையாட்டு வரலாறும் மாந்தர் வரலாற்றின் ஒரு பகுதியே என்பது தெளிவாகும்.