தாழ்வேக மின்னழுத்த உயர்வும் சுமை வரம்பும்

தாழ்வேக மின்னழுத்த உயர்வு என்பது, மின்வழங்கலின் அதிர்வெண்ணை மாற்றித்தரும் கருவியான அதிர்வெண் மாற்றியால் இயங்கும் தூண்டல் மோட்டார் மிகக் குறைந்த வேகத்தில் முறுக்குவிசையை, அதாவது பளுவைச் சுழற்றும் விசையை, இழந்துவிடாதபடி, அந்த வேகத்துக்குரிய மின்னழுத்தத்துக்கு மேல் சிறிது கூடுதலாக வழங்கும் முறையாகும். மோட்டார் சூடேறிக் கெடாமல் எவ்வளவு பளுவை எவ்வளவு நேரம் சுமக்கலாம் என்பதே சுமை வரம்பு.

பெர்லினில் 1889இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி உருவாக்கிய மும்முனைத் தூண்டல் மோட்டார் எளிமையும் உறுதியும் கொண்டதாயினும், அதன் வேகம் மின்வழங்கலின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டிருந்தமையால், வேகத்தை மாற்ற வேண்டிய இடங்களில் நேர்மின் மோட்டார்களே நெடுங்காலம் கோலோச்சின. 1957இல் தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சாவி வந்ததும், 1964இல் ஷோனுங், ஸ்டெம்லர் ஆகியோர் துடிப்பு அகலப் பண்பேற்ற முறையை மோட்டார் இயக்கத்துக்குப் பயன்படுத்திக் காட்டியதும், 1968இல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் அதிர்வெண் மாற்றிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியதும் அந்நிலையை மாற்றின.

இம்மாற்றிகள், இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் மாறாதிருக்க, மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் குறைத்தன. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு இவ்விகிதம் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட், எனவே 5 ஹெர்ட்ஸில் அதற்குக் கிடைப்பது 41.5 வோல்ட் மட்டுமே. சுருளின் மின்தடையில் 12 வோல்ட் கழிவதாகக் கொண்டால், முழுவேகத்தில் அது பொருட்டன்று. 5 ஹெர்ட்ஸிலோ கால் பங்குக்கு மேல் பறிபோகிறது. இதனால் காந்தப்பாயம் 70 விழுக்காடாகத் தாழ்ந்தால், அதன் இருமடியைப் பொறுத்த உச்ச முறுக்குவிசை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

தொடக்ககால மாற்றிகளில் இக்குறையை ஈடுசெய்யும் உயர்வு, பளுவைக் கணக்கிற்கொள்ளாத நிலையான அளவாக அமைக்கப்பட்டது. பளு குறைந்தபோது அதுவே மிகையாகி, உள்ளகம் காந்தத் தெவிட்டலடைந்து, மின்னோட்டம் பெருகி, மோட்டார் சூடேறியது. மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்ட விசிறியும் தாழ்வேகத்தில் போதிய காற்றைத் தராமையால், உயர்வைக் கூட்டுந்தோறும் சுமை வரம்பு சுருங்கியது.

1970களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தின் பிளாஷ்கே வளர்த்தெடுத்த திசையன் கட்டுப்பாடு, காந்தப்பாயத்தையும் முறுக்குவிசையையும் தனித்தனியே ஆள வழிவகுத்தது. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜெயந்த் பாலிகா 1980களில் வளர்த்தெடுத்த ஐ.ஜி.பி.டி. என்னும் மின்னணுச் சாவி, மாற்றிகளைச் சிறியனவாகவும் திறன்மிக்கனவாகவும் ஆக்கியது. இன்றைய மாற்றிகள் பாயும் மின்னோட்டத்தை அளந்து, பளுவுக்கேற்ப உயர்வைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. எனினும் உயர்வு முறுக்குவிசையை மீட்குமேயன்றி வெப்பத்தை அகற்றாது. ஆதலால் தாழ்வேகத்தில் முழுப்பளுவை நெடுநேரம் சுமக்க வேண்டிய மோட்டாருக்குத் தனி விசிறியோ, கூடுதல் திறனோ இன்றும் இன்றியமையாதது.