சான் வான் பட்டிஸ்ரா: ஸ்பானியர் கட்டிய ஊரும் முட்சுன் மக்களின் மொழியும்

விடுமுறை வந்தால் எங்கடை ஆட்கள் போகிற இடங்கள் எல்லாருக்கும் தெரியும். கோல்டன் கேட் பாலம், மொன்ரறே கடற்கரை, ஊரிலிருந்து ஆரும் வந்து நின்றால் லிவர்மோர் கோவில். இவற்றை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஒருநாள் போய்ப் பாருங்கோ என்று சொல்லவே இக் கட்டுரை. பழைய ஸ்பானியச் சிற்றூர் ஒன்றைப் பார்க்க ஸ்பெயினுக்கு விமானம் ஏறவேண்டியதில்லை. சான் ஹோசேயில் இருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, உள்ளி மணக்கும் கில்றோயைத் தாண்டி, 156ஆம் சாலையில் கிழக்கே திரும்பினால் சான் வான் பட்டிஸ்ரா வந்துவிடும். வழியில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலப் பயணம். சனத்தொகை சுமார் 2,000 மட்டுமே.

ஊரின் பெயர் ஸ்நாபக அருளப்பருடையது. அவருடைய திருநாளான ஆனி 24இல், 1797ஆம் ஆண்டு, பெர்மின் லசுவென் என்ற பிரான்சிஸ்கன் சபைச் சுவாமியார் இங்கே மிஷனைத் தொடக்கினார். 1769 முதல் 1823 வரை கலிபோர்னியாவில் எழுந்த 21 மிஷன்களில் இது 15ஆவது.

முற்றவெளி

ஊரின் நடுவே புல்வெளியான ஒரு சதுக்கம். எங்கடை யாழ்ப்பாணத்து முற்றவெளியைச் சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு பக்கம் தேவாலயமும் நீண்ட வளைவு விறாந்தையும். மற்றப் பக்கங்களில் பழைய ஹொட்டேல், குதிரைலாயம், காஸ்ட்ரோ - பிறீன் வீடு. 1933 முதல் இச் சதுக்கம் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. தேவாலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது.

தேவாலயத்துக்கு 1803இல் அடிக்கல் நாட்டி 1812இல் கட்டி முடித்தார்கள். உள்ளே போனதும் பிள்ளையள் முதலில் காண்பது நிலத்து ஓடுகளில் பதிந்திருக்கும் மிருகங்களின் காலடிகளைத்தான். ஈர ஓட்டை வெயிலில் காயப் போட்ட நேரம் அதன்மேல் நடந்து போயிருக்கின்றன. பீடத்தின் பின்சுவரில் சித்திரம் தீட்டியவர் தோமஸ் டோக் என்ற அமெரிக்க மாலுமி. மொன்ரறேயில் கப்பலை விட்டு ஓடி வந்தவர். சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும் ஈடாக அந்த வேலையைச் செய்தாராம். திரைப்படப் பிரியர்களுக்கு இன்னொரு தகவல்: ஹிச்கொக் எடுத்த 'வேர்ட்டிகோ' படத்தில் (1958) இந்த இடம் வருகிறது. படத்தில் காணும் உயர்ந்த மணிக்கோபுரத்தை இங்கே தேடவேண்டாம். அது ஸ்ரூடியோவில் செய்தது.

ஊரின் ஓரமாகவே சான் அன்றியாஸ் நிலப்பிளவு ஓடுகிறது. 1906ஆம் ஆண்டு பூகம்பத்தில் தேவாலயத்தின் பக்கச் சுவர்கள் விழுந்தன. 1976இல்தான் அவற்றை முழுதாகத் திருத்தினார்கள்.

ஒரே முடியின் கீழ்

இதெல்லாம் சரி, ஸ்பானியருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு. 1580 முதல் 1640 வரை போத்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசனின் ஆட்சியில் இருந்தவை. 1619இல் ஒலிவெய்ராவின் படை யாழ்ப்பாண அரசையும், பின்னர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட சங்கிலி குமாரனையும் பிடித்த காலத்தில், போத்துக்கேயரின் அரசன் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப். 1621இல் நல்லூர்க் கோவில் இடிக்கப்பட்டதும் இரு நாடுகளும் அப்படி இணைந்திருந்த காலத்தில்தான். வாளும் சிலுவையும் சேர்ந்து வந்த விதமும், ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஊர்ச்சனம் புதுப்பெயர் பெற்ற விதமும் எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. அதே வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பசிபிக் கரைக்கு வந்தது.

இங்கே அதற்கு அகப்பட்டவர்கள் முட்சுன் மக்கள். ஒலோனி இனத்தின் ஒரு பிரிவினர். ஞானஸ்நானம் பெற்ற பின் மிஷனை விட்டு விரும்பியபடி போக அவர்களுக்கு அனுமதி இல்லை. ஓடினால் படைவீரர் பிடித்து வருவார்கள். மண்கல் அரிந்ததும் ஓடு சுட்டதும் மாடு மேய்த்ததும் அவர்கள்தான். ஐரோப்பியர் கொண்டு வந்த நோய்களால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தேவாலயத்தின் பக்கத்தில் ஒலிவ் மரங்களோடு ஒரு சேமக்காலை இருக்கு. சிறிய இடம்தான். அதற்குள் 4,000க்கு மேற்பட்ட சுதேசிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான குழிகளுக்கு அடையாளக் கல் இல்லை. அங்கே போகும்போது சத்தம் போட்டு ஓடவேண்டாம் என்று பிள்ளையளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

1821இல் மெக்சிக்கோ சுதந்திரம் அடைந்தது. 1835இல் இந்த மிஷனின் நிர்வாகம் திருச்சபையின் கையை விட்டுப் போனது. மிஷன் நிலங்களில் சுதேசிகளுக்கும் பங்கு என்று பேச்சு இருந்தது. ஆனால் நிலத்தின் பெரும்பகுதி செல்வாக்கு உள்ளவர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1848இல் கலிபோர்னியாவே அமெரிக்காவுக்குக் கைமாறியது.

பிறீன் குடும்பம்

அதே 1848இல் ஒன்றும் இல்லாமல் ஒரு குடும்பம் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது. பற்றிக் பிறீன், மனைவி மாகிறெற், ஏழு பிள்ளைகள். பெற்றோர் இருவரும் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள். 1846இல் மாட்டு வண்டிகளில் மேற்கே புறப்பட்ட டொனர் கூட்டத்தோடு சேர்ந்து வந்து, சியரா நெவாடா மலையில் பனிக்குள் அகப்பட்டார்கள். அகப்பட்ட எண்பதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேர் அளவில் பசியாலும் குளிராலும் மாண்டார்கள். செத்தவர்களின் உடலைத் தின்று உயிர் தப்பிய கொடுமையும் அங்கே நடந்தது. பிறீன் குடும்பத்தில் ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

இங்கே முதலில் அவர்களுக்கு மிஷனில் தங்க இடம் கிடைத்தது. பிறகு ஹொசே காஸ்ட்ரோவின் வீட்டுக்கு மாறினார்கள். காஸ்ட்ரோ யார்? அமெரிக்கப் படையிடம் தோற்ற மெக்சிக்கத் தளபதி. தோற்ற பக்கத்தவரின் வீட்டிலே, வென்ற பக்கத்து ஏழைகள் குடியிருந்தார்கள். அவ்வேளையில் தங்கம் கண்டுபிடித்த செய்தி பரவ, பதின்ம வயது மூத்த மகன் ஜோன் தங்க வயலுக்குப் போய் சுமார் 10,000 டொலர் பெறுமதியான தங்கத்தோடு திரும்பினான் என்பார்கள். அந்தப் பணத்தில் குடும்பம் அதே வீட்டை வாங்கியது. இன்று அது நூதனசாலை.

இவர்களைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு ஒரு காரணம், பற்றிக் பிறீன் அந்தப் பனிக்காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதியதுதான். 1846 கார்த்திகை முதல் 1847 மாசி கடக்கும் வரை, இன்று பனி பெய்தது, இன்னார் இறந்தார், இறைச்சி முடிகிறது என்று சிறுசிறு வரிகள். அந்தக் கடதாசி இன்று பேர்க்லியில் பான்குறொவ்ற் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

எழுத்திலே தங்கிய மொழி

முட்சுன் மக்களுக்கு எழுத்து இருக்கவில்லை. 1808 முதல் 1833 வரை இங்கே இருந்த பெலிப்பே அறோயோ டி லா குவெஸ்ரா என்ற சுவாமியார் அவர்களின் மொழியைக் கற்று, இலக்கணம் ஒன்றும் 2,800க்கு மேற்பட்ட சொற்றொடர்களின் தொகுப்பும் எழுதினார். செபமும் பாவசங்கீர்த்தனமும் நடத்தவே அது வேண்டியிருந்தது. இவ்விரண்டும் 1860களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் அச்சாகின. தமிழுக்கும் இப்படி ஒருவர் வந்தார். முத்துக்குளித்துறையில் பணிசெய்த அன்றிக் அடிகளார் தமிழ் இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். ஆனால் வித்தியாசம் பெரிது. அவர் வருமுன்பே எங்களிடம் தொல்காப்பியம் இருந்தது, ஏட்டுச்சுவடிகள் இருந்தன, இலட்சக்கணக்கான வாய்கள் இருந்தன. முட்சுன் மொழிக்கு வாய் மட்டுமே இருந்தது. அந்த வாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஸ்பானியமும் பிறகு ஆங்கிலமும் வேலைக்கு வேண்டிய மொழிகளாக, பெற்றோர் பிள்ளைகளோடு அவற்றிலே கதைத்தார்கள்.

கடைசியாகச் சரளமாக முட்சுன் பேசியவர் அசென்சியோன் சொலோர்சானோ. கில்றோயில் நாட்டுமருந்துப் பரிகாரியாக இருந்தவர். தாயும் தகப்பனும் பேசக் கேட்டுப் படித்த மொழி. 1929இல் அவர் நோயாகப் படுத்திருந்தபோது ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஹரிங்ரன் பக்கத்தில் இருந்து, சொல், மருந்து, கதை என்று கேட்டுக்கேட்டு எழுதினார். 1930 தை மாதம் அந்த அம்மா கண்மூடினார். அவரை அடக்கம் செய்ததும் நான் சொன்ன அதே சேமக்காலையிலேதான்.

கதை அதோடு முடியவில்லை. 1990களில் முட்சுன் சந்ததியினர் சிலர் அறோயோவின் ஏட்டையும் ஹரிங்ரனின் குறிப்புகளையும் எடுத்து, மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள். மொழியியலாளர்களோடு சேர்ந்து உழைத்து 2016இல் முட்சுன் - ஆங்கில அகராதி வெளியிட்டார்கள். பாட்டி பேசிய மொழியைப் பேரப்பிள்ளைகள் நூலகத்தில் தேடிப் படிக்கவேண்டியதாயிற்று. அதற்கும், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியிடம் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டியிருந்தது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்ததை நாங்கள் மறக்கமாட்டோம். புத்தகமாகாத ஏடு ஒன்றும் எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. ஸ்பொன்சரில் வந்து, மகளின் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் அம்மம்மாவும் அப்புவும்தான் அது. வயலுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணி, எந்த மழைக்கு எந்த நெல், இடம்பெயர்ந்த அன்று எந்த வழியால் நடந்தோம், ஆர் ஆர் கூட வந்தது, ஆர் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் புத்தாண்டில் கைவிசேடம் வாங்கியபின் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து அவர்கள் பக்கத்தில் இருங்கோ. பிள்ளையே கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும். பிழையாகக் கதைத்தாலும் பரவாயில்லை. பற்றிக் பிறீன் எழுதியது போலச் சிறுசிறு வரிகள் போதும். திகதி போட மறக்கவேண்டாம்.