துலூஸ் நகரத்துத் துணி வணிகர்

பிளேட்டோ காலந்தொட்டு ‘நீதி என்றால் என்ன?’ என்று மெய்யியலாளர்கள் வினவி வந்துள்ளனர். நூலகத்தில் அமர்ந்து படிப்பவருக்கு இது அறிவு சார்ந்த வினா. விலங்கிடப்பட்டு நீதிபதியின் முன் நிற்பவருக்கோ இது உயிர் சார்ந்த வினா. இவ்விரு வினாக்களும் ஒன்றாகிய ஒரு சந்தர்ப்பத்தை இன்று நோக்குவோம், நேயர்களே.

தென் பிரான்சிலுள்ள துலூஸ் நகரில் ஜோன் கலாஸ் என்ற துணி வணிகர் வாழ்ந்து வந்தார். வயது அறுபதைக் கடந்தவர். புரட்டஸ்தாந்து மதத்தினர். அக்காலப் பிரான்சில் கத்தோலிக்க மதமே அரச மதம். புரட்டஸ்தாந்தினருக்குச் சட்டத்தில் இடமில்லை. கலாஸின் மூத்த மகன் மார்க் அந்துவான் சட்டம் பயின்றவர். ஆயினும், கத்தோலிக்கர் என்ற சான்றிதழ் இல்லாமையால் அவரால் சட்டத்தரணியாக முடியவில்லை. 1761 ஒக்டோபர் 13 ஆம் திகதி இரவு, உணவுக்குப் பின் மேல்மாடியிலிருந்து இறங்கிப் போன அவர், கீழே கடைப்பகுதியில் பிணமாகக் காணப்பட்டார்.

மகன் தூக்கிட்டுக் கொண்டான் என்பதைக் குடும்பத்தினர் முதலில் மறைத்தனர். அதற்குக் காரணம் இருந்தது. தற்கொலை செய்தவரின் உடலைத் தெருவெங்கும் இழுத்துச் செல்வது அன்றைய சட்டம். அந்த அவமானத்துக்கு அஞ்சி ஒரு தந்தை சொன்ன பொய் அவரையே குற்றவாளியாக்கியது. கத்தோலிக்கனாக மாறவிருந்த மகனைத் தந்தையே கொன்றுவிட்டார் என்று வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ சொன்னார். ஊர் அதை நம்பியது, அதிகாரியும் நம்பினார். குடும்பத்தினரும், அன்றிரவு விருந்துக்கு வந்திருந்த இளைஞரும், கத்தோலிக்கரான முதிய பணிப்பெண்ணும் சிறையிலடைக்கப்பட்டனர். இறந்தவர் தியாகி எனக் கொண்டாடப்பட்டுக் கத்தோலிக்க முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டார். விசாரணை முடியுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று எனலாம்.

இங்கே சட்டத்தின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். 1670 ஆம் ஆண்டின் குற்றவியல் கட்டளைச் சட்டமே அப்போது நடைமுறையில் இருந்தது. விசாரணை இரகசியமானது. பாரதூரமான குற்றங்களில் எதிரிக்குச் சட்டத்தரணி கிடையாது. தீர்ப்புக்குக் காரணம் கூற வேண்டிய கடப்பாடு நீதிபதிகளுக்கு இல்லை. கண்கண்ட சாட்சிகள் இருவர் இருந்தால் அது முழுச் சான்று. அது கிடைக்காவிடில் அரைச் சான்று, கால் சான்று எனக் கூட்டிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. பத்து வதந்திகளைக் கூட்டினாலும் ஓர் உண்மை ஆகாது என்ற எளிய கணக்கு அங்கே எடுபடவில்லை.

கலாஸ் வழக்கில் கண்கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. முதியவர் ஒருவர் திடகாத்திரமான தன் மகனைத் தனியாகத் தூக்கிலிட்டிருக்க முடியுமா என்ற ஐயத்துக்கும் விடையில்லை. எனினும், 1762 மார்ச் 9 ஆம் திகதி, பதின்மூன்று நீதிபதிகளுள் எண்மர் மரண தண்டனைக்கு இணங்கினர். மறுநாள் உடந்தையானவர்களைக் காட்டிக்கொடுக்கும்படி கலாஸ் சித்திரவதை செய்யப்பட்டார். பின்னர் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றனர். இறுதிவரை தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறினார். கூட்டாகச் செய்த கொலை என்றால் மற்றவர்களும் குற்றவாளிகள். ஆனால், இளைய மகன் நாடுகடத்தப்பட்டதோடு சரி, ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பின் மீது நீதிபதிகளுக்கே நம்பிக்கை இருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜெனீவாவுக்கு அண்மையில் வாழ்ந்த வோல்டேயரின் காதுக்கு இச்செய்தி எட்டியபோது அவருக்கு வயது அறுபத்தேழு. உடனே அவர் பேனாவை எடுத்துவிடவில்லை. தந்தை வெறியரா, நீதிபதிகள் வெறியரா என்று அவருக்கே முதலில் ஐயம் இருந்தது. கலாஸின் கடைசி மகனை வரவழைத்து வினவினார். பலருக்கும் கடிதம் எழுதி விசாரித்தார். அதன் பின்னரே எழுத்தில் இறங்கினார். 1763 இல் வெளிவந்த ‘சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வுரை’ இவ்வழக்கிலிருந்தே பிறந்தது. கைம்பெண் பாரிசுக்குச் சென்று முறையிட்டார், சட்டத்தரணிகள் துணைநின்றனர். 1764 ஜூனில் அரச சபை தீர்ப்பை ரத்துச் செய்தது. 1765 மார்ச் 9 ஆம் திகதி, தண்டனை விதிக்கப்பட்டுச் சரியாக மூன்று ஆண்டுகளின் பின், கலாஸ் நிரபராதி என ஏகமனதாகத் தீர்க்கப்பட்டது. இறந்தவர் மீளவில்லை, அவரது பெயர் மீண்டது.

வோல்டேயர் ஒரு வழக்கை வென்றார். வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான கேள்வியை 1764 இல் எழுப்பியவர், இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த செசரே பெக்காரியா. இருபத்தாறு வயது இளைஞர். ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்ற அவரது சிறு நூல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. தண்டிக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். பாதுகாப்பாக வாழ்வதற்காக மனிதர் தத்தம் சுதந்திரத்தில் மிகச் சிறிய பங்கை விட்டுக்கொடுத்தனர். அப்பங்குகளின் தொகையே தண்டிக்கும் உரிமை. அதற்கு மேற்பட்டது அனைத்தும் அத்துமீறல் என்பது அவர் வாதம். சித்திரவதை பற்றி அவர் காட்டிய நியாயம் மறுக்கமுடியாதது. குற்றம் நிரூபணமாகிவிட்டதா? அப்படியானால் சித்திரவதை தேவையில்லை. நிரூபணமாகவில்லையா? அப்படியானால் வதைக்கப்படுபவர் நிரபராதியாகவே கொள்ளப்பட வேண்டியவர். உடல் வலிமையுள்ள குற்றவாளி தப்புவான். வலிமையற்ற நிரபராதி ஒப்புக்கொள்வான்.

இக்கருத்துகள் வீணாகவில்லை. தஸ்கனி அரசு 1786 இல் மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தது. 1789 இன் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் ஒன்பதாம் உறுப்புரை, குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியே என்றது. ஆனால், அதே பிரான்சில் ஐந்தே ஆண்டுகளில், 1794 ஜூனில், ஒரு சட்டம் புரட்சி நீதிமன்றத்தில் எதிரிகளுக்குச் சட்டத்தரணி வேண்டாம் என்றது. அங்கே தண்டனை மரணம் ஒன்றுதான் என்றது. தேசத்தின் பகைவருக்கு உரிமை எதற்கு என்பதே அதன் நியாயம். யார் பகைவர் என்பதையும் அந்த நீதிமன்றமே தீர்மானித்தது. துலூஸ் நகரத்துக் கூட்டத்தின் குரல், உடை மாற்றிக்கொண்டு சட்டமாகவே வந்தது.

நமது நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் சித்திரவதையைத் தடுக்கும் பதினோராம் உறுப்புரையும், குற்றமற்றவர் என்ற எடுகோளை வலியுறுத்தும் பதின்மூன்றாம் உறுப்புரையும் உள்ளன. அவற்றை வாசிக்கும்போது, அவ்வரிகள் எங்கோ ஒரு துணிக்கடையின் கதவடியிலிருந்தும் வந்தன என்பதை நாம் நினைவிற் கொள்ளல் நன்று. நாம் விரும்பும் மனிதருக்கு நீதி கேட்பது எளிது. ஊர் முழுவதும் வெறுக்கும் ஒருவர், நமது மதத்தையோ மொழியையோ சேராத ஒருவர், குற்றவாளியாகவே இருக்கக்கூடிய ஒருவர் கூண்டில் நிற்கும்போது, அவருக்கும் சாட்சியம் வேண்டும், சட்டத்தரணி வேண்டும் என்று சொல்ல நமக்கு மனம் வருகிறதா? தனிமனித உரிமை என்ற தத்துவம் சோதிக்கப்படுவது அந்த இடத்தில்தான்.